பன்னிரண்டாவது லாரி

நான் பகலில் லாரி உடைக்கிறேன், சாயங்காலம் லாரி செய்கிறேன். இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். பெரிய விஷயம் எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி, "அப்ப இது ஒரு பரிகாரம்னு சொல்லுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரிகாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உடைப்பது சம்பளத்துக்கு. செய்வது எதற்கு என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சங்ககிரிப் பக்கம் ஒரு யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆயுள் முடிந்த லாரிகள் அங்கே வரும். பேப்பர் சரிபார்ப்பது, நான்கு பக்கமும் படம் எடுப்பது, சேசிஸ் நம்பரைத் தேய்த்துப் படிப்பது, டீசலும் ஆயிலும் வடித்தாகிவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. கடைசியாக டிரைவர் பக்கக் கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அந்தக் குறி விழுந்த பிறகுதான் ஆட்கள் கேஸ் கட்டரைப் பற்றவைப்பார்கள். இன்று காலை முழுசாக நிற்கிற வண்டி நாளை மதியத்துக்குள் தகடும் கம்பியுமாகத் தரையில் கிடக்கும். பதினான்கு வருஷமாக இதைப் பார்க்கிறேன். முதல் இரண்டு மாதம் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

வீடு மல்லசமுத்திரத்தில். ஆறரைக்கு வந்து, குளித்து, ஒரு டீ குடித்துவிட்டு ஜன்னலோரம் பிளேடும் ஸ்கேலும் ஃபோம் ஷீட்டுமாக உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும் வரை எழுந்திருக்க மாட்டேன். நிஜத்தில் ஒரு அடி என்றால் எனக்கு அரை அங்குலம். டயருக்குப் பழைய ரப்பர் செருப்பு, தார்ப்பாய்க்குக் கிழிந்த குடைத்துணி, கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக். ஒரு லாரி முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். ஒன்பது வருஷத்தில் உருப்படியாகத் தேறியவை பதினொன்று. பீரோ மேல் வரிசையாக நிற்கின்றன.

என் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கப் பசையோடும் வண்ணத்தாளோடும் கிடப்பவள் என்பதால் என் கைவேலையைப் பார்த்து அவள் வாய் பிளந்ததில்லை.

"ஏனுங்க, பீரோ மேல லாரி ஸ்டேண்டு நெறஞ்சு போச்சுங்க. அடுத்தத எம் மண்டை மேலயா நிறுத்தப் போறீங்க?" என்பாள்.

அவளாவது கேலி செய்வதற்காகவேனும் நிமிர்ந்து பார்ப்பாள். வீட்டுக்கு வருகிற மற்றவர்கள் "சூப்பர்" என்று ஒரு சொல் சொல்லி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே ஃபோனுக்குள் போய்விடுவார்கள். என் மச்சினர் ஒவ்வொரு தடவையும் இது ஓடுமா என்று கேட்பார். ஓடாது என்பேன். அப்புறம் எதுக்கு மாப்ள என்பார். அந்த "எதுக்கு" வந்ததும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

போன வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம் அவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி உடம்பு, சலவை செய்த வெள்ளைச் சட்டை. சொந்த லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து யார்டில் நிறுத்தினார். பொதுவாக இந்த மாதிரி வண்டியை யாராவது இழுத்துக்கொண்டு வருவார்கள், இல்லை ஒரு டிரைவர் வந்து சாவியை வீசிவிட்டுப் போவார். இவர் எஞ்சினை நிறுத்தினார். கேபினில் இருந்த சாமி படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து டேஷ்போர்டை ஒரு மூலை விடாமல் துடைத்தார். அறுக்கப் போகிற வண்டியை எதற்குத் துடைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

சாவியைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. கேஸ் கட்டர் பிடிக்கிற ஆள் அவரோடு பேச்சுக் கொடுத்து, நான் சின்ன லாரி செய்வதைப் போட்டுடைத்துவிட்டார்.

"ஏஞ் சாமி, நீங்க லாரி செய்வீங்களாமா. நம்ம வண்டிய ஒண்ணு செஞ்சு குடுங்களே" என்றார் பெரியவர் என்னிடம் வந்து.

நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை என்றேன். சரி, செய்ததைக் காட்டவாவது காட்டுங்கள் என்றார். ஃபோனில் என் பதினொன்றாவது லாரியின் படத்தை எடுத்து நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனார். நானே பொறுமை இழக்கிற அளவுக்கு நேரம் ஆயிற்று.

"நல்ல வேலைங்க. ஆனா பின்னாடி கதவுக்குக் கொக்கி நாலு இருக்கோணும். மூணுதான் வெச்சிருக்கறீங்க" என்றார்.

உண்மைதான். நாலாவது கொக்கி ஒட்டும்போது கரண்ட் போய்விட்டது, அப்புறம் மறந்தே போயிற்று. ஒன்பது வருஷத்தில் என் லாரியில் ஒருவர் முதல்முறையாகத் தப்புக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செய்து தருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

செய்வதற்கு அளவு வேண்டும். அளவெடுக்க வண்டி நிற்க வேண்டும். அதனால் கதவில் குறி போடாமல் விட்டேன். யார்டின் மூலையில் இருந்த புளியமரத்தடிக்கு வண்டியை ஒதுக்கச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டேப்பும் நோட்டுமாகப் போய் அளந்தேன். வழக்கமான வேகத்தை விட்டுவிட்டு, மூன்றே வாரத்தில் கேபினும் பாடியும் சக்கரமுமாகப் பெயிண்ட் அடிக்காத உருவத்தை நிறுத்திவிட்டேன். ஒரு புதன்கிழமை அதை அட்டைப்பெட்டியில் வைத்து யார்டுக்கு எடுத்துப் போனேன். அவர் பஸ் ஏறி வந்திருந்தார். கவிழ்த்துப் போட்ட ஆயில் டிரம் மேல் அதை வைத்து, குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கேபின் மேல ஒரு நசுங்கல் இருக்குதுங்க சாமி. அது வரலீங்களே" என்றார்.

எங்கேயோ மாங்கிளை இடித்த நசுங்கல். அதையும் செய்யவா என்று கேட்டேன். வெக்கோணுமுங்க, அது இல்லாம நம்ம வண்டி இல்லீங்களே என்றார். ஃபோம் ஷீட்டில் நசுங்கல் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. சூடான கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி, இரண்டு கேபினைக் கெடுத்து, மூன்றாவதில் கொண்டுவந்தேன். அடுத்த புதன்கிழமை அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, வண்டி மேல ஏறுற ஏணியில் மூணாவது படி வளைஞ்சிருக்குமுங்க என்றார். அதற்கடுத்த வாரம் பக்கக் கண்ணாடியின் கம்பி ஒரு நெல் அளவு கீழே இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் என்னைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் நிஜ வண்டியில் கை வைத்துக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அந்த வாரங்களைப் போல நான் எப்போதும் இருந்ததில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பரீட்சைக்குப் படிக்கிறவனாக உட்கார்ந்திருப்பேன். என்ன சொல்வாரோ என்று ஒவ்வொரு மூலையையும் இன்னொரு தடவை அளப்பேன். யார்டு வேலையில் எனக்குக் கவனமே இல்லை. இரண்டு வண்டிக்குப் படம் எடுக்காமல் குறி போட்டு, அப்புறம் ஓடிப்போய்த் தடுத்தேன். பொழுதுபோக்கு என்று வைத்திருந்தது வேலைக்குள் கால் வைத்துவிட்டது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

முதலாளி டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கிறார். யார்டுக்கு மாதம் ஒரு தடவை வந்தால் அதிகம். ஆனால் எந்த வண்டி எத்தனை நாளாக நிற்கிறது என்பது அவருக்கு ஃபோனிலேயே தெரியும். ஏழாவது வாரம் கூப்பிட்டார். அந்தப் புளியமரத்தடி வண்டி என்னாச்சு என்றார். சேசிஸ் நம்பர் துருப்பிடித்துப் படிக்க முடியவில்லை என்று சொன்னேன். பதினான்கு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். இந்த வேலை போனால் எனக்கு இந்த வயசில் இன்னொன்று கிடைக்காது.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"அவரு உங்க லாரியப் பாக்கறதுக்கா வாராருன்னு நெனச்சீங்க? இது முடிஞ்சா நீங்க அத அறுத்துப் போடுவீங்க. அறுக்காம இருக்கோணும்னா இது முடியக் கூடாது. அதானுங்க வாரத்துக்கு ஒரு தப்பு."

அது என் மூளைக்கு ஏழு வாரமாக எட்டவில்லை, அவளுக்கு மாவு பிசைகிற நேரத்தில் எட்டிவிட்டது. அவர்மேல் கோபம் வந்தது. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன லாரி மேல் பொறாமை வந்தது. நாற்பத்தைந்து வயசு ஆள் ஒரு துருப்பிடித்த வண்டியைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் வந்தது. ஒருவேளை இழுத்தடித்தது நானும்தானோ என்றும் ஒரு குழப்பம். கண்ணாடிக் கம்பியை ஒரு நாளில் சரி செய்திருக்கலாம், நான்தான் புதன்கிழமை வரை வைத்திருந்தேன்.

எட்டாவது வாரம் அவர் வந்தபோது நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன லாரியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். பார்வை அதற்கு மேலே புளியமரத்தடியில் இருக்கிற மாதிரி பட்டது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரோ என்னவோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"பம்பர்ல ஒரு போல்ட்டு கொறையுதுங்க சாமி" என்றார்.

சரிங்க என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே வந்துவிட்டார். நேராகப் புளியமரத்தடிக்குப் போனார். குனிந்து, கைக்குட்டையால் நம்பரைத் தேய்த்து, சத்தமாகப் படித்துக் காட்டினார். என்னைத் திட்டவில்லை. சாக்பீஸ் எங்கே என்று மட்டும் கேட்டார். நான் எடுத்துக்கொண்டு போய்க் குறியைப் போட்டேன். வண்டிக்காரருக்கு ஒரு ஃபோன் செய்து சொல்லியிருக்கலாம். நம்பர் என்னிடம் இருந்தது. செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று இன்றுவரை எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை அவர் வந்தார். புளியமரத்தடியில் ஆயில் கறையும் நாலு சக்கரத் தடமும்தான் இருந்தன. அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என்னிடம் வந்து, குடிக்கத் தண்ணி குடுங்க சாமி என்றார். குடித்துவிட்டு, "செரிங்க, போயிட்டு வாரனுங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். என் மேஜை மேல் அட்டைப்பெட்டி திறந்தபடி இருந்தது. பம்பரில் போல்ட் வைத்திருந்தேன். அவர் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

மனைவி சொன்னதுதான் உண்மை என்று அப்போது முடிவு செய்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று பெயிண்ட் அடித்து முடித்தேன். கடைசியாக மிச்சம் இருந்தது தண்ணீர் டிரம். லாரிக்காரர்கள் குளிக்கவும் சமைக்கவும் பாடிக்கு அடியில் ஒரு நீல டிரம்மைக் கட்டி வைத்திருப்பார்கள். அவர் வண்டியில் அது டிரைவருக்கு எதிர்ப்பக்கம், கிளீனர் பக்கம் இருந்தது. ஒரு பேனாவின் நீல மூடியை வெட்டி அதைச் செய்தேன். செய்து, வேண்டுமென்றே டிரைவர் பக்கம் ஒட்டினேன். நெல் அளவு வித்தியாசத்தைப் பிடிக்கிறவருக்கு இது கண்ணில் படுகிறதா பார்க்கலாம் என்று நினைத்தேன். செய்தது சின்னத்தனம். ஒட்டும்போதே அது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர் ஊருக்குப் பைக்கில் போனேன். அவர் மனைவி வாசலிலேயே பெட்டியை வாங்கித் திறந்து, லாரியை வெளியே எடுத்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அச்சு அசலா நம்ம வண்டிங்க. இருங்க தம்பி, புது வண்டி ஊட்டுக்குள்ள சும்மா வரக்கூடாது" என்று உள்ளே போனார்.

புது லாரியை எடுக்கும்போது சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து அதன்மேல் ஏற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். இந்தச் சின்னச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் பெரிசு. அந்த அக்கா கொல்லையிலிருந்து நாலு சுண்டைக்காய் பறித்துவந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். கற்பூரம் காட்டினார். இப்ப ஏத்துங்க என்றார் புருஷனிடம். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேபினைப் பிடித்து மெதுவாகத் தள்ளினார். ஃபோம் வண்டிக்கு ஏது கனம். சுண்டைக்காய் நசுங்காமல் நாலு பக்கமும் உருண்டோடியது. அக்கா அதைத் துரத்திப் பிடித்துக் கட்டைவிரலால் நசுக்கி, ஆச்சு என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அவர் லாரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். நான் டிரம்மையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்படியே இருக்குதுங்க சாமி" என்றார்.

டிரம் இடம் மாறியிருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. திரும்பி வந்த வழியெல்லாம் எனக்குக் கண் கலங்கியது. இதற்குப் போய் அழுவார்களா என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஒருநாளும் என் வேலையைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். அதில் என்ன தப்பு, அது அவர் பிழைத்த வண்டி. அப்படி நினைத்தாலும் ஆறவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் பிளேடைத் தொடவில்லை. யார்டுக்குப் போனேன், குறி போட்டேன், வந்தேன். சாயங்காலம் டிவி பார்த்தேன். மனைவி இரண்டு நாள் நிம்மதி என்றாள், மூன்றாம் நாள் உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

அப்புறம் ஒருநாள் அந்த அக்காவே ஃபோன் செய்து, ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழாச் சாப்பாட்டுக்கு வரோணும் என்றார். எனக்குப் போக இஷ்டமில்லை. மனைவிதான், கூப்பிட்ட ஊட்டுக்குப் போகாம இருக்கறது என்ன பழக்கம் என்று கிளப்பிவிட்டாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். டிவிக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து லாரியை வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள்.

தண்ணீர் டிரம் கிளீனர் பக்கம் இருந்தது.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். பழைய இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து வெள்ளை தெரிந்தது. புது இடத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. டிரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவர் பின்னால் வந்து நின்றார்.

"அன்னைக்கே பாத்துட்டீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"கையில வாங்குனப்பவே பாத்தேனுங்க."

"அப்பறம் ஏன் சொல்லலீங்க?"

"முன்னால தப்புச் சொன்னா வண்டி அறுபடாம நிக்கும். இனிச் சொல்லி என்னத்துக்குங்க. நீங்களும் அலுத்துச் சடஞ்சு போயிருந்தீங்க, மறந்து ஒட்டிட்டீங்கன்னு நானே மாத்தி வெச்சுக்கிட்டேன்."

மறந்து ஒட்டியதாகவே அவர் நினைத்திருக்கிறார். வேண்டுமென்றே ஒட்டினேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப நீங்க சொன்ன தப்பெல்லாம் வண்டி நிக்கறதுக்குத்தானுங்களா?"

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுகூடப் பொய் சொல்லலீங்க சாமி. மொத நாளு ஆயில் டிரம் மேல வெச்சீங்கல்ல, அன்னைக்கே அத்தனையும் கண்ணுல பட்டுருச்சு. நசுங்கலு, ஏணி, கண்ணாடி, போல்ட்டு வரைக்கும். ஒரே நாள்ல சொல்லீருக்கலாம். வாரத்துக்கு ஒண்ணாச் சொன்னேன், அவ்வளவுதானுங்க."

பக்கத்தில் நின்ற உறவுக்காரர் ஒருவர், இது ஓடுமுங்களா என்று கேட்டார். ஓடாதுங்க, பாக்கறதுக்குத்தான் என்றார் இவர். இலை போட்டாச்சு என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, தன் கையாலேயே பரிமாறினார். என் ஒன்பது வருஷ வேலையை ஒரே பார்வையில் முழுசாகப் பார்த்த ஒரே மனிதர் அவர். அவரைத்தான் நான் ஒரு பேனா மூடியை வைத்துச் சோதித்திருக்கிறேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.